அண்ணன் விழுந்ததும் எந்திரிக்கிறவங்க

தங்கச்சி, இந்தப் பைய மட்டும் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதியா? கீழ வச்சா மிதிச்சிருவாங்க. உள்ள மாலை இருக்கு. ரோசாவும் சம்பங்கியும் வச்சுக் கட்டுனது. தென்காசி வரைக்கும் கசங்காமப் போகணும். நீ எதுவரைக்கும்? தென்காசியேதானா? அப்ப நல்லதாப் போச்சு.

கல்யாணத்துக்கெல்லாம் இல்ல. சினிமாவுக்குப் போறோம். சிரிக்காத. கடைசி சீட்டுல ஒரு கும்பல் கூப்பாடு போட்டுக்கிட்டு வருதுல்ல, அது பூராம் எங்க ஆளுங்கதான். எட்டுப் பேரு. என்னோட சேத்து ஒம்பது. அகில உலக இன்பராஜ் தலைமை ரசிகர் மன்றம், கோவில்பட்டி. நான்தான் தலைவி. பேரு ஜெயக்கொடி. பஸ்டாண்டுக்குப் பின்னால ஜாக்கெட் தைக்கேன். அகில உலகம்னா வேற எந்தெந்த ஊருல கிளை இருக்குன்னு கேட்டுராத. எங்கயும் கிடையாது. வேற எங்கயும் இல்லாததாலதான நாங்க அகில உலகம்!

இன்பராஜ் யாருன்னு தெரியலையா? தெரியாது. உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாத்தான் ஆச்சரியம். ஆனா நீ அவர நூறு தடவ பாத்திருப்ப. ஹீரோ சண்டை போடுவான்ல, சுத்தி பத்துப் பேரு நிப்பாங்கள்ல, அதுல இடது பக்கத்துலருந்து ரெண்டாவதா ஒருத்தர் ஓடியாருவாரு. ஒரே குத்து. அப்படியே பறந்து போயி தக்காளிக் கூடையில விழுவாரு. அவருதான். எங்க அண்ணன்.

மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிக்கவன் ரசிகனே இல்ல, கேட்டுக்க. மூஞ்சி எங்க காட்டுதான் அந்த கேமராக்காரன்? முதுகுதான் தெரியும். உண்மையான ரசிகன் விழுறத வச்சுக் கண்டுபிடிப்பான். அண்ணன் விழும்போது இடது தோள் மொதல்ல தரையில படும். அதே நேரத்துல இடது கால் செருப்பு மட்டும் தனியாக் கழண்டு, மேல போயி, ஒரு சுத்து சுத்தி, எங்கயோ போயி விழும். எந்தப் படம்னாலும் சரி. போலீஸ் வேசம் கட்டி பூட்ஸு போட்டிருந்தா அன்னைக்கு மட்டும் எங்களுக்கு நாக்கு செத்துப்போகும்.

இருபத்தாறு வருசத்துக்கு முன்னாடி நான் மொதமொதல்ல பாத்தது அந்தச் செருப்பத்தான். தியேட்டரே ஹீரோவுக்கு விசிலடிக்கு. எனக்குக் கண்ணு அந்த ஒத்தச் செருப்பு மேலயே இருக்கு. மனுசன் இப்படி விழுந்து கெடக்காரே, இதை யாரு எடுத்து அவருக்குக் குடுத்திருப்பா? குடுத்தாங்களா, இல்ல ஒத்தக் காலோட நொண்டிக்கிட்டே வீட்டுக்குப் போனாரா? அவர அடிச்சவன் அடுத்த சீன்ல மஞ்சச் சட்டை போட்டுக்கிட்டு மலை மேல ஆடுதான். அதை நான் உக்காந்து பாக்கணுமா? எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்.

அன்னைக்கு வந்ததுதான் மன்றத்தோட மொத விதி. அண்ணன் விழுந்ததும் எந்திரிச்சிரணும். ஒரு விசில், ஒரு பிடி காகிதம், நேரா வெளிய. நான் நூத்தி நாப்பத்திமூணு படம் பாத்திருக்கேன் தங்கச்சி, ஒரு படத்துக்குக்கூடக் கதை தெரியாது. சத்தியமா. ஒரு படத்துல அண்ணன் டைட்டில் போடுததுக்கு முன்னாடியே விழுந்துட்டாரு. டிக்கெட் கிழிச்சவன் அந்தப் பாதிச் சீட்ட இன்னும் கீழ போடல, அதுக்குள்ள நாங்க வெளிய வந்துட்டோம். அவன் எங்களப் பாத்த பார்வை இருக்கே!

யண்ணே, காலு! கால மிதிக்காதீங்க. கழுகுமலை வந்தா இதான் தொந்தரவு, ஊரே ஏறும். அண்ணனுக்குக்கூட இந்தப் பக்கம்தான் சொந்த ஊரு, அவரோட அக்கா வீடு இங்கனதான் இருக்கு. அந்தா முன்னால தலையில துண்டு கட்டிக்கிட்டு ஏறுனாரு பாரு ஒரு பெரியவரு, கம்பியப் பிடிக்காம நிக்காரு. கைய ரெண்டையும் கட்டிக்கிட்டு! விழுந்து பல்லு போனாத்தான் தெரியும்.

எதுல விட்டேன்? ஆங், விதி. அந்த விதியில நிக்கிறவன் உசிரு ரசிகன். நிக்காதவன் டைம்பாஸ் ரசிகன். ரெண்டே சாதிதான். டைம்பாஸுக்கு உதாரணம் வேணும்னா திரும்பிப் பாரு. கடைசி சீட்டுல சன்னல் ஓரமா பஃப்ஸு தின்னுக்கிட்டு ஒருத்தன் வாரான்ல. ஞானதுரை. இட்லி மாவு அரைச்சு விக்கான். நல்ல பய. மன்றத்து ஆண்டு விழாவுக்கு மாவு பூராம் அவன்தான். ஆனா அவனுக்கு எல்லாம் பிடிக்கும் தங்கச்சி! ஹீரோவும் பிடிக்கும், ஹீரோயினும் பிடிக்கும், காமெடியும் பிடிக்கும், பாட்டும் பிடிக்கும். எல்லாத்தையும் பிடிக்கிறவனுக்கு எதைப் பிடிக்கும்னு நம்புறது? எங்களோட எந்திரிச்சு வெளிய வருவான். "தலைவி, ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்"ம்பான். அப்படியே திரும்ப உள்ள போயி, படம் முடிஞ்சு பேரு ஓடி, கூட்டுறவன் வாரியலோட வாரவரைக்கும் உக்காந்திருப்பான். மன்றத்துக்கே மானக்கேடு.

இப்பச் சொல்லப்போறதக் கேளு. போன மாசம் அண்ணன் போன் பண்ணுனாரு. அவரு என்னைய அக்காம்பாரு, நான் அவர அண்ணம்பேன். வயசக் கணக்குப் பாக்க ஆரம்பிச்சா மன்றம் நடக்காது. வருசத்துக்கு ஒரு தடவ பொங்கலுக்குத்தான் பேசுவாரு. இந்தத் தடவ சும்மா பேசுனாரு. "அக்கா, புதுப்படம் உங்க ஊருல ஓடுதுல்ல, ஞாயித்துக்கிழமை மேட்னிக்கு நானும் வாரேன். உங்களோட உக்காந்து பாக்கணும்"ன்னாரு.

எனக்குக் கையில இருந்த கத்தரி கீழ விழுந்துருச்சு. இருபத்தாறு வருசத்துல ஒரு தடவகூட அவரு எங்க ஊரு தியேட்டருக்கு வந்ததில்ல. அந்த வாரம் ஒரு ஜாக்கெட் தைக்கல. டீச்சரம்மா ஒருத்தி தன் கூடப்பொறந்தவ கல்யாணத்துக்குப் பழைய ஜாக்கெட்டோடதான் போனா, இன்னும் என் கூடப் பேசல. போனாப் போறா. ஃப்ளெக்ஸு அடிச்சோம். "விழுந்தாலும் வேந்தனே, வருக வருக!" கட்டவுட்டுக்கு நாலு லிட்டர் பாலு. ஆட்டோ ஓட்டுற சங்கிலிப்பாண்டி, அவன்தான் எங்க செயலாளர், ஆட்டோவுக்கே மாலை போட்டுட்டான்.

அண்ணன் வந்தாரு. சத்தமில்லாம, லைட்ட அணைச்சதுக்கப்புறம் வந்தாரு. வெள்ளைச் சட்டை. நல்லா இஸ்திரி போட்டது. தலைக்கு மை அடிச்சிருந்தாரு. எனக்கும் சங்கிலிப்பாண்டிக்கும் நடுவுல உக்காந்தாரு. எனக்குப் படமே தெரியல, பக்கத்துல அவரு மூச்சு விடுறதுதான் கேக்கு. ஏதோ பரீட்சைக்கு வந்த பிள்ள மாதிரி சீட்டுக் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சிருக்காரு. கூச்சம்னு நெனைச்சேன்.

இருபத்திரெண்டாவது நிமிசம். மீன் மார்க்கெட்டு. ஹீரோ விட்டான் ஒரு குத்து. அண்ணன் பறந்தாரு தங்கச்சி! ஐஸ் பெட்டி, அதுக்கு மேல மீன் கூடை, அதுக்கு மேல தராசு, எல்லாத்தையும் தள்ளிக்கிட்டுப் போயி இடது தோள் படார்னு... செருப்பு போச்சு பாரு மேல! அப்படி ஒரு உசரம் நூத்தி நாப்பத்திமூணு படத்துலயும் போனதில்ல. கழுத்தெலும்பு போச்சுன்னு படத்துல யாரோ சொல்லுதான், தலை தொங்கிருச்சு. கதை முடிஞ்சுது.

எட்டுப் பேரும் ஒண்ணா எந்திரிச்சோம். ஞானதுரை எந்திரிக்கல, அவனத் தனியாச் சொல்லுதேன். விசிலு, காகிதம்! அண்ணன் பக்கத்துல இருக்கும்போது விதிய எப்படிக் காப்பாத்துதோம்னு அவரு கண்ணால பாக்கணும்ல? பட்டாளம் மாதிரி நின்னோம். அண்ணன் என் கையப் பிடிச்சாரு. "அக்கா, உக்காருங்க. இன்னும் இருக்குக்கா"ன்னாரு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்னண்ணே இருக்கு? நீங்கதான் செத்துட்டீங்களே!"

"இல்லக்கா, கொஞ்சம் இருங்க..." அவரு ஏதோ சொல்லுதாரு, விசில் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பெரிய மனுசன், தனக்காக நாங்க பாதிப் படத்த விட்டுட்டு வாரோமேன்னு சங்கடப்படுதாருன்னு நெனைச்சேன். எவ்வளவு பெருந்தன்மை பாருன்னு எனக்குக் கண்ணு வேற கலங்கிருச்சு. "நீங்க பேசாம வாங்கண்ணே, மன்ற விதி உங்களுக்கும் உண்டு"ன்னேன். சங்கிலிப்பாண்டியும் எங்க வீட்டுக்காரரும் அவர அப்படியே அலாக்காத் தோள்ல தூக்கிட்டாங்க. ஆளு கனமே இல்ல. தோள்ல இருந்துக்கிட்டு, முழுக்கத் திரும்பி, திரையவே பாத்துக்கிட்டு வந்தாரு. கதவுகிட்ட நிலையில தலை இடிக்கப் போச்சு, அப்பவும் திரும்பல.

வெளிய சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்துல நாற்காலி போட்டு உக்கார வச்சோம். மாலை போட்டோம். பன்னீர் சோடா குடுத்தோம். கட்டவுட்டுக்குப் பால ஊத்துனோம். நான் ரெண்டு பக்கத்துக்கு வாழ்த்துரை எழுதிட்டு வந்திருந்தேன், அதைப் படிச்சேன். நாங்க வரிசையா அவரு விழுந்த படமெல்லாம் சொல்லச் சொல்ல தலைய ஆட்டுனாரு, சிரிச்சாரு. செல்பி எடுத்தோம். நேரம் போனதே தெரியல. அப்ப உள்ளருந்து ஒரு சத்தம் வந்துச்சு பாரு. கைதட்டு. தியேட்டரே இடிஞ்சு விழுற மாதிரி.

அண்ணன் நிமிந்துட்டாரு. சோடா கையில அப்படியே இருக்கு. காது தியேட்டர் பக்கம். "அக்கா, கைதட்டுதாங்க"ன்னாரு.

"தட்டட்டும்ணே, நமக்கென்ன"ன்னேன்.

சோடாவ நாற்காலிக்கு அடியில வச்சாரு. அப்புறம், "ஆமாக்கா, நமக்கென்ன"ன்னு சிரிச்சாரு. நல்லாத்தான் சிரிச்சாரு. அந்த மாலையோடயே பஸ்ஸேறிப் போனாரு.

படம் விட்டு ஞானதுரை ஓடியாரான். கண்ணு ரெண்டும் செவந்து போயி, மூக்க உறிஞ்சிக்கிட்டு, "அண்ணன் எங்க? அண்ணன் எங்க?"ங்கான். "தலைவி, அண்ணன் சாகல! கடைசியில எந்திரிச்சு வாராரு. தலையில கட்டோட, ஒத்தக் கால் செருப்போட நொண்டிக்கிட்டே வந்து வில்லன் முன்னால நின்னு பேசுதாரு தலைவி! ரெண்டு வரி வசனம். சொந்தக் குரலு!"

வந்துச்சு பாரு எனக்குக் கோவம். விதிய மீறுனதும் இல்லாம பொய் வேற. இருபத்தாறு வருசமா பேசாத மனுசன் நாங்க இல்லாத நேரமாப் பாத்துப் பேசுவாரா? அந்த எடத்துலயே அவன் உறுப்பினர் அட்டையப் பிடுங்கிட்டேன். அவன் அழுதுக்கிட்டே போனான். எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

மறுநாள் காலையில மனசு கேக்கல. தியேட்டருக்குப் போனேன். அங்க வேற படத்துக்குப் போஸ்டர் ஒட்டுதாங்க. கூட்டமில்லன்னு நேத்தோட தூக்கிட்டாங்க. ஆப்பரேட்டர் இறங்கி வந்தாரு, கேட்டேன். "ஆமாக்கா, பேசுதாரே. நல்லாத்தான் பேசுதாரு. இந்தப் படத்துல கைதட்டு வாங்குன ஒரே எடம் அதான். உங்காளுதான, உங்களுக்குத் தெரியாதா?"ங்காரு.

அந்தப் படியிலயே உக்காந்துட்டேன் தங்கச்சி. அவரு அதுக்குத்தான வந்திருக்காரு. இஸ்திரி போட்ட சட்டை, தலைக்கு மை, பரீட்சைக்கு வந்த பிள்ள மாதிரி. நாலு பேரோட உக்காந்து, தான் பேசுறதத் தானே பாக்கணும்னு. நான் தூக்கிட்டு வந்து சைக்கிள் ஸ்டாண்டுல உக்கார வச்சு, அவரு விழுந்த கதையையே அவருக்கு ரெண்டு பக்கத்துக்குப் படிச்சுக் காட்டியிருக்கேன். எனக்கு என்னையவே செருப்பால அடிக்கணும் போல இருந்துச்சு.

நாலு நாளு போன் பண்ணுனேன், எடுக்கல. அஞ்சாவது நாள் எடுத்தாரு. நான் அழுதேன், மன்னிச்சிருங்கண்ணேன்னேன். "அட விடுங்கக்கா, சூட்டிங்ல இருந்தேன்"ன்னாரு. தென்காசியில இன்னும் படம் ஓடுது, வியாழக்கிழமை மேட்னிதான் கடைசி, வாங்கண்ணே, எங்களோட உக்காருங்கன்னேன். அப்புறம் சொன்னாரு, "அக்கா, இருபத்தாறு வருசமா நான் விழுதேன், நீங்க எந்திரிக்கீங்க. ஒரு தடவ நான் எந்திரிக்கும்போது நீங்க உக்காந்திருந்தாப் போதும்க்கா." வாரேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. வச்சுட்டாரு.

அதான் இன்னைக்குப் போறோம். வந்தாருன்னா மாலை. வரலன்னா அந்த மாலைய அந்த சீட்டுக்குப் போட்டுட்டு உக்காந்து பாப்போம்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு, கேளு. எங்காளுங்களுக்கு உக்காரத் தெரியல! ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல ஒத்திகை வச்சேன். போன்ல பழைய சண்டையெல்லாம் போட்டு, அண்ணன் விழும்போது அசையக் கூடாதுன்னேன். சங்கிலிப்பாண்டி நாலு தடவ எந்திரிச்சான். எங்க வீட்டுக்காரரு உறக்கத்துல உக்காந்திருந்தவரு, விழுற சத்தங் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டே எந்திரிச்சு நிக்காரு. கேட்டா கால் தன்னால வருதுங்காரு. அதனால நான் ஒரு வேலை பண்ணியிருக்கேன். அந்தப் பையில மாலைக்கு அடியில கைய விட்டுப் பாரு. நாடா இருக்கா? இடுப்பு நாடா. லைனிங் துணியில ரெட்டைத் தையல் போட்டு ஒம்பது தைச்சிருக்கேன். உக்காந்ததும் ஒவ்வொருத்தனையும் சீட்டோட சேத்துக் கட்டிருவேன். எனக்கும் சேத்துத்தான், எனக்கு மட்டும் என்ன வாழுது?

ஞானதுரைக்கு அட்டையத் திருப்பிக் குடுத்துட்டேன். அவன் வீட்டு வாசல்ல போயி, மாவு வாங்க வந்த எட்டுப் பொம்பளைங்க முன்னால குடுத்தேன். ஆனா அந்த ரெண்டு வரி என்னன்னு மட்டும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேன். அவனுக்கு உள்ளுக்குள்ள அரிக்கு, அதான் மூணாவது பஃப்ஸு திங்கான். ஒண்ணு மட்டும் சொல்லுதேன் தங்கச்சி, அவன் இன்னைக்கும் டைம்பாஸ்தான். அவன் படம் பாக்க உக்காந்தான், அண்ணன் தற்செயலா வந்தாரு. நாங்க அண்ணனுக்காகவே போயி அண்ணனப் பாக்காம வந்தோம். ரெண்டும் ஒண்ணாகுமா? ஏன் சிரிக்க? சரியாத்தான சொல்லுதேன்?

என்ன, வண்டி நின்னுட்டு? ரயில்வே கேட்டா? போச்சு. மேட்னி ரெண்டரைக்கு. இல்ல, தொறந்துட்டான், தொறந்துட்டான். நேரம் இருக்கு... ஏ, ஏ, ஏ! யோவ் டிரைவரு, வண்டிய இப்படியா எடுக்கது? மாலையப் பிடிச்சுக்க தங்கச்சி! அந்தப் பெரியவரு விழுந்துட்டாரு பாரு, அப்பமே சொன்னேன்ல, கம்பியப் பிடிக்காம...

இரு.

இரு இரு. இடது தோளு. நீ பாத்தியா? இடது தோளு மொதல்ல பட்டுச்சு. மேல பாரு, மேல பாரு, செருப்பு! ஒரு சுத்து!

அண்ணே!

ஐயோ, பின்னால பாரு, எட்டும் எந்திரிச்சிருச்சு! ஞானதுரையும் எந்திரிச்சிட்டான்! லே சங்கிலிப்பாண்டி, காகிதத்த எறியாதல! கண்டக்டரு, யாரும் இறங்கல, நீங்க விசில் குடுக்காதீங்க. உக்காருங்கல எல்லாரும்! ஏங்க, உங்களத்தான், உக்காருங்க! யாரும் தூக்கப் போகாதீங்க. அண்ணன் எந்திரிக்காருல்ல? தானா எந்திரிக்காரு. உக்காந்து பாருங்க.

தங்கச்சி, உன் காலுக்கடியில கெடக்கு பாரு அந்தச் செருப்பு. நீ எடுக்காத. கையெடு, நீ எடுக்காத. நான்தான் எடுத்துக் குடுக்கணும்.